சென்னை முதல் குமரி வரை: மியூசியம் பார்க்கப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோமானியரோடு வணிகம் நடந்த பழைய துறைமுகமான அரிக்கமேட்டுக்கு முதல் முறை போனபோது எனக்குப் பெரிய ஏமாற்றம். புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், தோப்புக்கு நடுவே இடிந்து நிற்கும் சில செங்கல் சுவர்கள். அவ்வளவுதான். அந்தச் சுவர்கள்கூட ரோமானிய வணிகக் காலத்தவை அல்ல. வெகு பிற்காலத்தில் பிரெஞ்சுப் பாதிரிமார் எழுப்பிய கட்டடத்தின் மிச்சம். 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டிய குழிகள் எல்லாம் என்றோ மூடப்பட்டுவிட்டன.

மறுநாள் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் சாடித் துண்டுகள். மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து ஒயின் ஏற்றிவந்த சாடிகள். பக்கத்தில் இத்தாலியச் சிவப்புப் பாண்டத்தின் சில்லுகள், அரிக்கமேட்டிலேயே செய்த விதவிதமான மணிகள். அவற்றைப் பார்த்த பிறகுதான் முந்தின நாள் நான் எங்கே நின்றுவிட்டு வந்தேன் என்பது புரிந்தது. அந்த ஆற்றின் வளைவில் படகுகள் ஒதுங்கியிருக்கும், சாடிகள் இறங்கியிருக்கும், மணிகள் ஏறியிருக்கும். மறுபடியும் கிளம்பிப் போனேன். அதே சுவர்கள்தான். ஆனால் இந்த முறை ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

நம்மில் பலர் செய்யும் பெரிய தவறு இதுதான். கடற்கரை ஒரு பக்கம், மியூசியம் ஒரு பக்கம் என்று இரண்டையும் பிரித்து வைத்துவிடுகிறோம். பீச் போக மிஞ்சிய நேரத்தில் ஒரு எட்டு மியூசியத்தைப் பார்த்துவிடலாம் என்று கிளம்புகிறோம். கூடத்துக்குள் இருக்கும் பொருளில் பாதி இந்தக் கரையிலிருந்து போனதுதான். முதலில் பொருளைப் பாருங்கள், அப்புறம் அது கிடைத்த இடத்தைப் பாருங்கள். இந்த வரிசையை மாற்றாமல் வைத்தாலே பயணம் வேறு மாதிரி ஆகிவிடும்.

எந்தக் கிழமை?

கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் வெளியூரிலிருந்து வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய குடும்பங்கள் நிறைய. எழும்பூர் அரசு அருங்காட்சியகமும் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகமும் வெள்ளிக்கிழமை திறக்காது. முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய் விடுமுறை. புதுச்சேரி அருங்காட்சியகமும் தக்கலை அருகே உள்ள பத்மநாபபுரம் அரண்மனையும் திங்களன்று மூடியிருக்கும். ஞாயிறு கூட்டத்துக்குப் பயந்து திங்கட்கிழமை பத்மநாபபுரம் போகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். தேசிய விடுமுறை நாள்களிலும் பல இடங்கள் திறப்பதில்லை. கிளம்புவதற்கு முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஜார்ஜ் கோட்டைக்குள் தலைமைச் செயலகமும் இருப்பதால் வாசலில் சோதனை உண்டு; அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

எழும்பூரில் எல்லாவற்றையும் பார்த்துவிட நினைப்பது

1851-இல் தொடங்கிய மியூசியம் அது. கொல்கத்தாவுக்கு அடுத்து இந்தியாவில் பழமையானது. ஆறு கட்டடங்கள், நாற்பதுக்கும் மேற்பட்ட காட்சிக்கூடங்கள். இதை இரண்டு மணி நேரத்தில் முடிக்க நினைத்தால் கால் வலிதான் மிச்சம். குழந்தைகளை இழுத்துக்கொண்டு கூடம் கூடமாக ஓடுவது இன்னும் மோசம். பிள்ளைகளுக்குத் திமிங்கில எலும்புக்கூடு பிடித்துப்போனால் அதன் கீழே அரை மணி நேரம் நிற்கட்டும். அவர்களுக்கு அன்றைய மியூசியம் அதுதான்.

பெரியவர்களுக்கு நான் சொல்வது வெண்கலச் சிலைக் கூடம் மட்டும் போதும் என்று. அங்கே திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார். பூம்புகாருக்கு அருகில் உள்ள திருவெண்காட்டிலிருந்து வந்த அர்த்தநாரீசுவரர் இருக்கிறார். சிலைக்கு முன்னால் நின்று, ஒரு படம் எடுத்துக்கொண்டு, அடுத்ததற்கு நகர்ந்துவிடாதீர்கள். இவை உற்சவ மூர்த்திகள். வீதியுலா போவதற்காக வார்க்கப்பட்டவை; பீடத்தில் உள்ள துளைகளும் வளையங்களும் தூக்கிக் கட்டுவதற்கானவை. கோயிலில் பட்டும் பூவும் சாத்தியிருக்கும்போது முகமும் கையும்தான் தெரியும். இங்கேதான் இடுப்பின் வளைவும் முதுகும் பின்கழுத்தில் புரளும் முடியும் கண்ணுக்குக் கிடைக்கின்றன. முடிந்தவரை சுற்றி வந்து பாருங்கள். மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகம் ஊற்றுகிற முறை இது. மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அதனால் ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் பிறந்திருக்கிறது.

அங்கேயே நாகப்பட்டினத்துப் புத்தர்கள் இருக்கிறார்கள். தலை உச்சியில் சிறு தீச்சுடர் எழும்பி நிற்பதை வைத்து அடையாளம் காணலாம். ராஜராஜன் காலத்தில், கடல் தாண்டி இன்றைய இந்தோனேசியா பக்கம் இருந்த ஸ்ரீவிஜய நாட்டு அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற புத்த மடத்தை எழுப்பச் செய்தான். அந்த ஊரில் எஞ்சி நின்ற கடைசிச் செங்கல் கோபுரத்தையும் 1867-இல் இடித்துவிட்டார்கள். 1856 முதல் அந்த மண்ணிலிருந்து கிடைத்த நூற்றுக்கணக்கான புத்தர் படிமங்கள்தான் இப்போது சாட்சி. நாகூர், வேளாங்கண்ணி இரண்டுக்கும் போகிறவர்கள் நாகப்பட்டினத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். எழும்பூரில் அந்தச் சுடரைப் பார்த்தவருக்கு அந்த வழி வெறும் பஸ் வழியாக இருக்காது.

தொடாதீர்கள் என்று எழுதி வைத்திருப்பது சிலைக்கு மரியாதை என்பதற்காக மட்டும் இல்லை. வெண்கலத்துக்கு எமன் உப்பு. குளோரைடும் ஈரமும் சேர்ந்தால் உலோகத்துக்குள் பச்சைப் பொடியாக ஒரு அரிப்பு தொடங்கும். தொடங்கினால் உள்ளே தின்றுகொண்டே போகும். மண்ணுக்குள் புதைந்து கிடந்த சிலைகளில் ஏற்கெனவே அந்த உப்பு ஊறியிருக்கிறது. நம் விரல் வியர்வையிலும் இருப்பது அதே உப்புதான். கடல்காற்று அடிக்கிற ஊரில் இதைச் சமாளிப்பது எவ்வளவு பாடு என்று யோசித்துப் பாருங்கள். 1930-லேயே எழும்பூரில் இதற்கென வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கினார்கள்.

மாமல்லபுரத்தில் நேரம் தவறுவது

சென்னையிலிருந்து காலையில் நிதானமாகக் கிளம்பி, பதினோரு மணிக்கு இறங்கி, கல் கொதிக்கும் வெயிலில் ஐந்து ரதங்களைச் சுற்றி, சோர்ந்துபோய்க் கடற்கரைக் கோயிலில் உட்காருவது வழக்கமாகிவிட்டது. அர்ச்சுனன் தபசு என்கிற பெரும்பாறை கிழக்குப் பார்த்தது. காலை வெயில் நேராக விழும்போது ஒவ்வொரு உருவமும் பாறையைவிட்டு எழுந்து வருவது போல இருக்கும். சாயங்காலம் போனால் முழுப் பாறையும் நிழலில் மங்கிக் கிடக்கும். ஆகவே ஏழு மணிக்கு அங்கே இருங்கள். யானைகளைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல், யானைக்குப் பக்கத்தில் கைகளை உயர்த்தித் தவம் செய்யும் பூனையைத் தேடுங்கள். அதைச் சுற்றி எலிகள். பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொள்ளும் மானையும் தேடுங்கள். நடுவில் இருக்கும் பிளவில் நாகர்கள் மேல்நோக்கிப் போகிறார்கள். தவம் செய்வது அர்ச்சுனனா, கங்கையைக் கேட்கும் பகீரதனா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஒரே ஒரு கதையை அடித்துச் சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்கு விரட்டும் கைடை நம்பிவிடாதீர்கள். நின்று பதில் சொல்கிற நல்ல வழிகாட்டிகளும் அங்கே இருக்கிறார்கள். முதலில் நான்கு கேள்வி கேட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

இன்னொரு தவறு எனக்கு மிகவும் மனக்கஷ்டம் தருவது. பாதியில் நிற்கும் சிற்பங்களைப் பார்த்து ‘இது உடைஞ்சது, வாங்க’ என்று கடந்து போகிறார்கள். மாமல்லபுரத்தில் பாதியில் நிற்பவைதான் பாடம் சொல்லித் தருபவை. ஐந்து ரதங்கள் மேலிருந்து கீழாகக் குடைந்து இறக்கியவை. அதனால்தான் மேலே எல்லாம் முடிந்திருக்க, அடிப்பகுதி முடியாமல் இருக்கிறது. முடிவடையாத குடைவரைகளில் பாறையைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்துக் கொத்திய தடம் அப்படியே இருக்கிறது. அர்ச்சுனன் தபசைப் போலவே இன்னொரு பாறை, பாதியோடு விட்டது, கொஞ்ச தூரத்தில் நிற்கிறது. ஏழாம் நூற்றாண்டுச் சிற்பியின் கை எப்படி வேலை செய்தது என்பதை முடிந்த சிற்பம் மறைத்துவிடும், முடியாதது காட்டிக்கொடுக்கும்.

கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் ஒரே டிக்கெட்தான். முதல் இடத்தில் கிழித்துப் போட்டுவிட வேண்டாம். வடக்கே சாளுவன்குப்பத்துக்கும் போங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு அங்கே தொல்லியல் துறை தோண்டியபோது ஒரு முருகன் கோயில் வெளிப்பட்டது: பல்லவர் காலக் கட்டுமானத்துக்கு அடியில் அதற்கும் முந்திய செங்கல் கோயில். வருகிறவர்களில் பெரும்பாலோர் புலிக்குகையில் படம் எடுத்துக்கொண்டு இதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள்.

ஈ.சி.ஆரில் போகும் வழியில்தான் ஈஞ்சம்பாக்கம் சோழமண்டல ஓவியர் கிராமம் இருக்கிறது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் தொடங்கியது. தட்சிணசித்ராவும் அதே சாலையில்தான்: செட்டிநாட்டு வீடு, கேரளத்து மர வீடு என்று தென்மாநிலப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். இரண்டையும் மாமல்லபுரத்தோடு ஒரே நாளில் திணிக்க வேண்டாம். வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் அந்த வீடுகளின் திண்ணை சுகமான இடம், ஆனால் அதற்கு ஒரு தனி நாள் கொடுங்கள்.

கலை நிகழ்ச்சியும் திருவிழாவும்

மார்கழி சீசனுக்குச் சென்னை வருகிறவர்கள் பெரிய பெயர்களின் மாலைக் கச்சேரிக்கு மட்டும் டிக்கெட் தேடி அலைகிறார்கள். பல சபாக்களில் பகல் கச்சேரிகள் இலவசம். அங்கே பாடுகிற இளையவர்கள் சிலரைக் கேட்டால் அசந்துபோவீர்கள். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காப்பிக்கு எழுந்து போவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மிருதங்கக்காரர் அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் அதுவரை காத்திருந்தார்.

வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை கூட்டம் அலைமோதும். திருவிழாவைப் பார்க்க வேண்டும் என்றால் அப்போது போங்கள், கட்டடத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றால் அப்போது போகாதீர்கள். நாகூர் தர்காவுக்கும் கந்தூரி சமயத்தில் இதே கணக்குதான். அங்கே உள்ள ஐந்து மினாராக்களில் மிக உயரமானதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர். கும்பிட வந்தவர்களுக்கு நடுவே நாம் பார்க்க வந்தவர்கள் என்பதை மட்டும் மறக்காமல் இருந்தால், அங்கிருப்பவர்களே அழைத்துக் காட்டுவார்கள்.

கடலின் கணக்கு

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் கரைக்கு வடகிழக்குப் பருவமழை. புயல் சின்னம் உருவாகிவிட்டால் திட்டமெல்லாம் போச்சு. ஒரு நாளைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரியில் கடல் சீற்றமாக இருந்தால் படகை நிறுத்திவிடுவார்கள். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் போவதை ஊரைவிட்டுக் கிளம்பும் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.

தரங்கம்பாடிக்குப் போனால் அரை நாளாவது இருங்கள். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்று டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்குள் சின்னதாக ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706-இல் வந்து இறங்கிய கரையும் அதுதான். அவர் தமிழில் அச்சிட்ட புதிய ஏற்பாட்டின் கதையும் அங்கேதான் தொடங்குகிறது. கோட்டைக்குப் பக்கத்திலேயே அலை விளிம்பில் மாசிலாமணிநாதர் கோயில், கோட்டையைவிட முந்நூறு ஆண்டு மூத்தது. அதன் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கோட்டைக்குள் சாயங்காலம் வரைதான் விடுவார்கள். கோயில் பக்கம் இருட்டும்வரை நிற்கலாம். அதனால் கோட்டை முதலில், கோயில் அப்புறம்.