சாயத் தண்ணீரின் நிறத்தை எடுக்கும் ஃபென்டன் வினை: முதல்முறை செய்பவர்களுக்கு

ஹைட்ரஜன் பெராக்சைடு தனியாகச் சாயத்தை ஒன்றும் பெரிதாகச் செய்வதில்லை. கூடவே கொஞ்சம் இரும்பு உப்பு சேர்ந்தால் ஹைட்ராக்சில் ரேடிகல் (மிக வேகமாக வினைபுரியும், நொடியில் மறையும் துகள்) பிறக்கிறது. எதிரில் இருக்கும் கரிமப் பொருள் பெரும்பாலானவற்றை அது தாக்கி உடைக்கும். பிரிட்டிஷ் வேதியியலாளர் ஹென்றி ஃபென்டன் 1894-இல் வெளியிட்ட வினை இது. கல்லூரி ஆய்வகத்தில் ஒரு மணி நேரத்தில் செய்து பார்த்துவிடலாம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

முதலில் சாயக் கரைசல். 100 மி.கி. மெத்திலீன் நீலத்தை 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கரையுங்கள். அதில் 5 மி.லி. எடுத்து 500 மி.லி. ஆக்கினால் லிட்டருக்கு 10 மி.கி. சாயம். குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள பைகார்பனேட் அடுத்து விடப்போகும் அமிலத்தைத் தின்றுவிடும். இதே கரைசலில் இன்னும் இரண்டு பீக்கர் தயார் செய்யுங்கள்: ஒன்றில் இரும்பு மட்டும், இன்னொன்றில் பெராக்சைடு மட்டும். ஒப்பிட இவை இல்லாவிட்டால் நிறம் எதனால் போனது என்று சொல்லவே முடியாது.

அடுத்து பி.எச். மூன்று பீக்கரிலும் 0.1 மோலார் கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு 3-க்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 2.5 மி.லி. போதும். பலரும் சறுக்கும் இடம் இதுதான். பி.எச். 4-ஐத் தாண்டினால் இரும்பு பழுப்பு வண்டலாக இறங்கி வினை படுத்துவிடும். வினிகரும் எலுமிச்சைச் சாறும் உதவாது. அவையே கரிமப் பொருட்கள், சாயத்துக்குப் போக வேண்டிய ரேடிகலை அவை வாங்கிக்கொள்ளும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் குளோரைடும் அதே தொல்லைதான்.

இப்போது இரும்பு. 0.5 கிராம் ஃபெரஸ் சல்பேட்டை (ஏழு நீர் மூலக்கூறு உள்ளது) இரண்டு சொட்டு அமிலம் விட்ட 100 மி.லி. நீரில் அன்றன்றே கரைத்து, சோதனைப் பீக்கரிலும் இரும்பு மட்டும் போடும் பீக்கரிலும் 5 மி.லி. ஊற்றிக் கலக்குங்கள். உப்பு வெளிர் பச்சையாக இருக்க வேண்டும். மஞ்சள் அல்லது துரு நிறம் ஏறியிருந்தால் அது ஃபெரிக் (ஆக்சிஜனேற்றமடைந்த இரும்பு) ஆகிவிட்டது, தூக்கிப் போடுங்கள்.

பெராக்சைடு கடைசியில்தான், சோதனைப் பீக்கருக்கும் பெராக்சைடு மட்டும் போடும் பீக்கருக்கும். மருந்துக்கடையின் 6 சதவீதக் கரைசல் என்றால் 0.8 மி.லி.; 3 சதவீதம் என்றால் 1.7 மி.லி. கூட ஊற்றினால் வேகம் கூடும் என்று நினைக்காதீர்கள்: மிஞ்சிய பெராக்சைடே ரேடிகலை விழுங்கும்.

முதல் சில நிமிடங்களில் நீலம் சடசடவென இறங்கும், பிறகு மந்தமாகும். ஃபெரஸ் எல்லாம் ஃபெரிக்காக மாறிவிடுவதும், அது திரும்பி வருவது மிக மெதுவாக நடப்பதும்தான் காரணம். வெயிலில் வைத்தால் ஒளி அந்தத் திருப்பத்தை வேகப்படுத்தும். வெயிலில் மெத்திலீன் நீலம் தானாகவும் கொஞ்சம் வெளுக்கும் என்பதால் மற்ற இரண்டு பீக்கரையும் பக்கத்திலேயே வையுங்கள். கலவையை மூடிய பாட்டிலில் ஒருபோதும் வைக்காதீர்கள். ஆக்சிஜன் அழுத்தத்தில் வெடிக்கலாம்.

முடிந்ததும் சோடியம் ஹைட்ராக்சைடால் பி.எச். 8-க்கு ஏற்றி, இறங்கும் பழுப்பு வண்டலை வடிகட்டுங்கள்.

நிறம் போய்விட்டால் மாசும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. சாயம் உடைந்த துண்டுகள் நிறமில்லாமல் உள்ளேயே கிடக்கலாம், அதற்கு சி.ஓ.டி. (நீரிலுள்ள கரிமப் பொருளை ஆக்சிஜனேற்றத் தேவையான ஆக்சிஜனின் அளவு) பார்க்க வேண்டும். மிச்சப் பெராக்சைடு இருந்தால் அந்த அளவு பொய்யாகக் கூடிக் காட்டும், முதலில் அதை நீக்குங்கள்.

இந்த அளவுகளை அப்படியே திருப்பூர்ச் சாயக்கழிவுக்குப் போடாதீர்கள். பருத்திச் சாயத் தொட்டியில் உப்பும் சோடா ஆஷும் (சோடியம் கார்பனேட் என்ற காரம்) ஏராளம். பி.எச். 3-க்கு இறக்கவே அமிலம் நிறையச் செலவாகும், உப்பு குளோரைடாக இருந்தால் ரேடிகலும் வீணாகும். அங்கே ஒவ்வொரு மாதிரிக்கும் 500 மி.லி. அளவில் தனித்தனியாகச் சோதித்துத்தான் மருந்தளவைக் கண்டுபிடிக்க வேண்டும்.