ஹியூகோ வலைப்பதிவில் வகைவாரிப் பக்கங்கள் அமைப்பது எப்படி?

பதிவுகள் இருபது, முப்பதைத் தாண்டிவிட்டால் முகப்புப் பக்கம் மட்டும் போதாது. வத்தக்குழம்பு தேடி வந்தவர் மூணாறு பயணத்தையும் நாவல் அறிமுகத்தையும் தாண்டித் தாண்டிக் கீழே உருட்டிக்கொண்டிருக்க மாட்டார், மூடிவிட்டுப் போய்விடுவார். சமையலுக்கு ஒரு பக்கம், பயணத்துக்கு ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தால் அவருக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

வேர்ட்பிரஸில் வாசகர் ஒரு வகையைச் சொடுக்கும்போது சர்வர் டேட்டாபேஸைக் கேட்டு அந்த நேரத்தில் பட்டியல் போட்டுத் தருகிறது. ஹியூகோ என்பது பக்கங்களை முன்கூட்டியே உருவாக்கி (பில்ட் செய்து) வைக்கும் ஸ்டேட்டிக் தளங்களுக்கான கருவி. அப்படிப்பட்ட தளத்தில் கேட்பதற்கு டேட்டாபேஸே கிடையாது. பில்ட் செய்யும்போதே எல்லாப் பட்டியலையும் எழுதி முடித்துவிட வேண்டும். 2013-இல் ஸ்டீவ் ஃபிரான்சியா தொடங்கிய ஹியூகோ இந்த வேலையைத் தானாகவே செய்கிறது. பலருக்கு இது தெரியாமல், ஒவ்வொரு வகைக்கும் கையால் லிங்க் பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பாடு வேண்டாம்.

ஹியூகோவை நிறுவி, ஒரு தீம் போட்டு, சில பதிவுகளும் எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இன்னொன்று: ஃபைலில் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டிய சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிப்படி எழுதுகிறேன். 'ஃபுட்' என்று இருந்தால் நீங்கள் ஆங்கில எழுத்தில் அடியுங்கள், 'சமையல்' என்று இருந்தால் தமிழிலேயே அடியுங்கள்.

படி 1: வகைகளைத் தாளில் எழுதுங்கள்

நாலைந்து வகை போதும். பதிவுக்கு ஒரு வகை வைத்தால் அது வகையே இல்லை. 'கத்தரிக்காய்', 'மழைக்காலம்' போன்ற சின்னச் சின்ன அடையாளங்களுக்குத்தான் டேக் இருக்கிறது. நம் எடுத்துக்காட்டுக்குச் சமையல், பயணம், நூல் அறிமுகம் என மூன்றை எடுத்துக்கொள்வோம்.

படி 2: ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆங்கிலக் குறிச்சொல்

சமையலுக்கு ஃபுட், பயணத்துக்கு டிராவல், நூல் அறிமுகத்துக்கு புக்ஸ். எல்லாம் சின்ன எழுத்தில்.

தமிழிலேயே 'சமையல்' என்று வைத்தாலும் ஹியூகோ ஏற்றுக்கொள்ளும், பக்கமும் சரியாக வரும். தொல்லை, அந்த முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போதுதான். எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும். 'சமையல்' என்பதில் ஐகாரக் குறியையும் புள்ளியையும் சேர்த்து ஆறு குறியீடுகள், ஆக 54 எழுத்துகள். அதைப் பார்க்கிறவர் ஏதோ மோசடி லிங்க் என்று நினைத்தால் ஆச்சரியமில்லை. அதனால் முகவரி ஆங்கிலத்தில் இருக்கட்டும், தலைப்பு தமிழில் இருக்கட்டும். தலைப்புக்குப் படி 5-இல் வருகிறேன்.

படி 3: பதிவில் வகையைக் குறிப்பது

பதிவின் எம்டி ஃபைலைத் திறந்தால் மேலே மூன்று கூட்டல் குறிகளுக்கு நடுவே தலைப்பும் தேதியும் இருக்கும். ஃப்ரண்ட் மேட்டர் என்பது அதுதான். அதில் ஒரு வரி சேருங்கள்:

+++
டைட்டில் = "வத்தக்குழம்பு"
டேட் = 2025-03-09T09:00:00+05:30
டிராஃப்ட் = ஃபால்ஸ்
கேட்டகரீஸ் = ["ஃபுட்"]
+++

கூட்டல் குறிக்குப் பதில் மூன்று சிறு கோடுகள் இருந்தால் உங்கள் ஃபைல் யாமல் என்ற இன்னொரு வடிவத்தில் இருக்கிறது. அங்கே சமக் குறிக்குப் பதில் முக்காற்புள்ளி, அதையடுத்து ஒரு இடைவெளி. மற்றதெல்லாம் அப்படியே.

இந்த ஒரு வரியில் சறுக்குகிற இடங்கள் இரண்டு. கேட்டகரி என்று ஒருமையில் எழுதினால் ஹியூகோ பிழை எதுவும் காட்டாது, பேசாமல் விட்டுவிடும். பன்மையில்தான் எழுத வேண்டும். அடுத்தது மேற்கோள் குறி. ஃபோனிலோ வேர்டிலோ தட்டச்சு செய்து ஒட்டினால் நேர்க்குறி வளைந்த குறியாக மாறியிருக்கும், பில்ட் அங்கேயே நின்றுவிடும். நோட்பேட் மாதிரி எளிய எடிட்டரில் அடியுங்கள்.

படி 4: ஓட்டிப் பாருங்கள்

டெர்மினலில் ஹியூகோ சர்வர் கட்டளையைக் கொடுத்து, பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 1313 போர்ட்டைத் திறவுங்கள். முகவரியின் பின்னால் சாய்கோடு போட்டுக் கேட்டகரீஸ் என்று சேர்த்தால் எல்லா வகைகளின் பட்டியலும் வரும். இன்னொரு சாய்கோடு போட்டு ஃபுட் என்று சேர்த்தால் அந்த வகையில் உள்ள பதிவுகள் மட்டும் வரும். முதல் பக்கத்தை டேக்ஸானமி பக்கம் என்றும், இரண்டாவதை டெர்ம் பக்கம் என்றும் ஹியூகோ சொல்கிறது. ஆவணங்களில் தேடும்போது இந்தப் பெயர்கள் உதவும்.

பதிவு வரவில்லையா? முதலில் டிராஃப்ட் ட்ரூ, அதாவது இன்னும் வெளியிடாத வரைவு, என்று இருக்கிறதா பாருங்கள். ஹியூகோ நியூ கட்டளையில் உருவாக்கிய பதிவு வழக்கமாக அப்படித்தான் பிறக்கும்.

அப்புறம் தேதி. இது நம் ஊர்க்காரர்களைக் குறிவைத்த மாதிரி ஒரு சிக்கல். எதிர்காலத் தேதி போட்ட பதிவை ஹியூகோ வெளியிடாது. மேலே காட்டிய +05:30 இல்லாமல் வெறுமனே காலை 9 மணி என்று எழுதினால் அதை யூடிசி என்ற உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்ளும். யூடிசியில் 9 என்றால் நமக்குப் பிற்பகல் 2:30. அதுவரை எத்தனை முறை பில்ட் செய்தாலும் பதிவு தலைகாட்டாது. பிற்பகலில் மறுபடி பில்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல வந்து நிற்கும். ஒவ்வொரு பதிவிலும் +05:30 போட மறந்துவிடுவீர்கள் என்றால் தளத்தின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் ஃபைலான ஹியூகோ டாமலில் டைம்ஸோன் என்ற அமைப்புக்கு ஏசியா/கொல்கத்தா என்று கொடுத்துவிடுங்கள். இலங்கையில் இருந்தால் ஏசியா/கொழும்பு.

வகைப் பக்கங்களே வரவில்லை என்றால், கான்ஃபிக்கில் யாராவது டேக்ஸானமீஸ் என்ற பகுதியை எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். அந்தப் பகுதி இல்லாதவரை கேட்டகரீஸ், டேக்ஸ் இரண்டும் தானாக இருக்கும். 'தொடர்' என்று புதிதாக ஒன்றைச் சேர்க்க அதை எழுதிய நிமிடமே பழைய இரண்டும் போய்விடும். அவற்றையும் சேர்த்து எழுத வேண்டும்.

படி 5: தமிழ்த் தலைப்பும் அறிமுகமும்

இப்போது பக்கத்தின் உச்சியில் ஃபுட் என்று ஆங்கிலத்தில் நிற்கும். கன்டென்ட் ஃபோல்டருக்குள் கேட்டகரீஸ் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ஃபுட் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் இண்டெக்ஸ் என்ற எம்டி ஃபைல் ஒன்றை உருவாக்குங்கள். பெயரின் தொடக்கத்தில் அண்டர்ஸ்கோர் கட்டாயம். அது இல்லாவிட்டால் ஹியூகோ அதைப் பட்டியல் பக்கமாக அல்ல, தனிப் பதிவாக எடுத்துக்கொள்ளும்.

+++
டைட்டில் = "சமையல்"
+++

இதன் கீழே இரண்டு மூன்று வரி அறிமுகம் எழுதுங்கள். பெரும்பாலான தீம்கள் அதைப் பட்டியலுக்கு மேலே காட்டும். "அளவெல்லாம் நாலு பேருக்கு. காரம் எங்கள் வீட்டு வழக்கப்படி, நீங்கள் குறைத்துக்கொள்ளலாம்" என்கிற மாதிரி, அந்த வகைக்கு மட்டும் பொருந்துகிற விஷயம் இருந்தால் நல்லது. 'இங்கே சமையல் பதிவுகளைக் காணலாம்' என்று எழுதுவதற்கு எழுதாமலே விடலாம்.

கேட்டகரீஸ் ஃபோல்டரிலும் இதே மாதிரி அண்டர்ஸ்கோர் இண்டெக்ஸ் ஃபைல் ஒன்று வைத்து 'பகுதிகள்' என்று தலைப்புக் கொடுத்தால் பொதுப் பட்டியலும் தமிழுக்கு வந்துவிடும்.

படி 6: பதிவின் கீழே மட்டும் ஆங்கிலம் நின்றால்

சில தீம்களில் வகைப் பக்கம் தமிழில் இருக்கும், ஆனால் பதிவின் கீழே ஃபுட் என்றே காட்டும். அந்தத் தீம் ஃப்ரண்ட் மேட்டரில் உள்ள சொல்லை நேரடியாக எடுத்துப் போடுகிறது என்று பொருள். தீமின் லேஅவுட்ஸ் ஃபோல்டரில் பாராம்ஸ், புள்ளி, கேட்டகரீஸ் என்று வருகிற ஃபைலைத் தேடுங்கள். தீமுக்குள்ளேயே திருத்த வேண்டாம், அடுத்த அப்டேட்டில் போய்விடும். உங்கள் தளத்தின் லேஅவுட்ஸ் ஃபோல்டரில் அதே பாதையில் நகலெடுத்து வையுங்கள், ஹியூகோ உங்கள் நகலுக்குத்தான் முதலிடம் தரும். நகலில் வகைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிற சுற்றை கெட்டெர்ம்ஸ் என்ற மெத்தடுக்கு மாற்றி, பெயருக்கு லிங்க்டைட்டில், முகவரிக்கு ரெல்பெர்மாலிங்க் என்று போடுங்கள். இங்கே பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறக்கூடாது. ஹியூகோ ஆவணத்தில் உள்ளபடி அப்படியே அடியுங்கள்.

படி 7: மெனுவில் சேர்ப்பது

ஹியூகோ டாமலின் கடைசியில், இரட்டைச் சதுர அடைப்புக்குள் மெனுஸ் புள்ளி மெயின் என்று எழுதி, அதன் கீழ் நேம், பேஜ்ரெஃப், வெயிட் மூன்றையும் கொடுங்கள். நேம் 'சமையல்'. பேஜ்ரெஃப், சாய்கோட்டில் தொடங்கி கேட்டகரீஸ்/ஃபுட். வெயிட் என்பது வரிசை எண், சிறிய எண் முதலில் வரும். மற்ற இரண்டு வகைக்கும் இதே போல. டைம்ஸோன் போன்ற பொது அமைப்புகள் இந்த மெனுப் பகுதிக்கு மேலேதான் இருக்க வேண்டும். கீழே எழுதினால் டாமல் அதையும் மெனுவின் பகுதியாகவே வாசிக்கும்.

தளத்தைப் பில்ட் செய்து ஏற்றிய பிறகு, ஒவ்வொரு வகை முகவரியின் பின்னாலும் இண்டெக்ஸ் எக்ஸ்எம்எல் என்று சேர்த்துப் பாருங்கள். புதுப் பதிவுகளை வாசகருக்குத் தெரிவிக்கிற ஆர்எஸ்எஸ் ஓடை, அந்த வகைக்கு மட்டுமானது, அங்கே ஏற்கெனவே இருக்கும். சமையல் மட்டும் போதும் என்கிறவர்களுக்கு அந்த லிங்க்கை அறிமுக வரிகளிலேயே கொடுத்துவிடலாம்.