கர்ப்பப்பை இறக்கத்துக்கு ஆபரேஷன் தேதி கிடைத்துவிட்டதா? அதுவரை செய்யவேண்டிய பயிற்சி

ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்ததும், "அதான் தைக்கப் போகிறார்களே, இனி எதற்குப் பயிற்சி?" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைக்கான பயிற்சியைக் கற்றுக்கொள்ள அந்தக் காத்திருக்கும் காலம்தான் நல்லது என்பேன். ஆபரேஷன் முடிந்த புதிதில் தையலும் வலியும் மரத்துப்போன உணர்வுமாக இருக்கும்போது, எந்தத் தசையை இழுக்கிறோம் என்று தேடுவது பெரும்பாடு. முன்பே பிடிபட்டிருந்தால், டாக்டர் சரி என்றதும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

எனக்கு மூன்றும் சுகப்பிரசவம். அப்புறம் பள்ளி கேண்டீனில் வருடக்கணக்காகச் சோற்றுப் பானை தூக்கிய உடம்பு. மாதவிலக்கு நின்று சில வருடங்கள் கழித்து, குளிக்கும்போது அடியில் உருண்டையாக ஏதோ கைக்குத் தட்டுப்பட்டது. காலையில் ஒன்றும் தெரியாது, சாயங்காலம் நின்று நின்று இறங்கிவிடும். இதை வெளியே சொல்லக் கூச்சப்படும் அக்காமார்களுக்கு ஒன்று: இங்கே சிங்கப்பூரில் பாலிகிளினிக் என்ற அரசு மருந்தகத்தில் சொல்லி, அரசு மருத்துவமனைக்குக் கடிதம் வாங்கிப் போங்கள். அப்படிப் போனால் நிபுணரைப் பார்க்க மானியக் கட்டணம். பெண் டாக்டர் வேண்டும் என்றால் கேட்கலாம், வெட்கமே வேண்டாம். தசைப் பயிற்சி சொல்லித்தரும் பிசியோதெரபிஸ்டிடம் (பிசியோ) அனுப்பச் சொல்லியும் அங்கேயே கேளுங்கள்.

பயிற்சியால் என்ன ஆகும், என்ன ஆகாது என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். வெளியே வந்துவிட்ட கர்ப்பப்பையை எந்தப் பயிற்சியும் உள்ளே ஏற்றாது. 2014-இல் பிரிட்டன், நியூசிலாந்து, ஆஸ்திரேலியப் பெண்களிடம் நடந்த ஆய்வு ஒன்று வெளியானது. பிசியோவிடம் நேரில் கற்றுப் பயிற்சி செய்தவர்களுக்கு இறக்கத்தின் தொந்தரவு குறைந்திருந்தது. அதே வருடம் வெளியான அமெரிக்க ஆய்வு, ஆபரேஷனோடு இந்தப் பயிற்சியைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. ஆபரேஷனின் பலன் அதனால் கூடியதாகத் தெரியவில்லை. ஆகவே 'பயிற்சி செய்தால் ஆபரேஷனே வேண்டாம்' என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பித் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். இருமும்போது சிறுநீர் கசிவதும், அடிப்பாரமும் குறைந்தால் அதுவே லாபம்.

சரி, எப்படிச் செய்வது? சிறுநீர் கழித்துவிட்டு மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். இறக்கம் அதிகமாக இருந்தால் இடுப்புக்கடியில் ஒரு தலையணை வைத்துக்கொள்ளலாம். நம் அடுக்குமாடி புளோக் மின்தூக்கியில் நாலு பேரோடு நிற்கும்போது வாயு வந்தால் எப்படி அடக்குவோம்? அந்த இழுப்புதான். ஆசனவாயை முதலில் இறுக்கி, அங்கிருந்து முன்பக்கம், யோனி, சிறுநீர்த் துவாரம் வரைக்கும் கொண்டுவந்து, எல்லாவற்றையும் உள்ளே மேல்நோக்கி இழுக்க வேண்டும். புட்டம் இறுகக் கூடாது, தொடை ஒட்டக் கூடாது, வயிறு புடைக்கக் கூடாது. மூச்சு சாதாரணமாகப் போய் வரவேண்டும். வாய்விட்டு எண்ணினால் மூச்சை அடக்க முடியாது, அது ஒரு நல்ல தந்திரம்.

சரியாகச் செய்கிறோமா என்று பார்க்க ஒரு கைக்கண்ணாடி போதும். கதவைத் தாழிட்டு, படுத்த நிலையில் பிடித்துப் பாருங்கள். இழுக்கும்போது ஆசனவாய்க்கும் யோனிக்கும் நடுவிலுள்ள இடம் உள்ளே போகவேண்டும். வெளியே பிதுங்கினால் முக்குகிறீர்கள் என்று அர்த்தம். இறக்கம் உள்ளவருக்கு அது கெடுதல், உடனே நிறுத்திவிட்டு பிசியோவிடம் காட்டுங்கள். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகச் சொல்லும் பழைய யோசனையும் வேண்டாம், சிறுநீர்ப்பை சரியாகக் காலியாகாமல் போகலாம்.

இழுத்ததை விடுவதுதான் பாதிப் பயிற்சி. இதை யாரும் சொல்வதில்லை. ஐந்து எண்ணும்வரை பிடித்தால், அடுத்து ஐந்து எண்ணும்வரை முழுக்கத் தளரவிட வேண்டும். கீழே இறங்கித் தளர்வது தெரியவேண்டும். தெரியவில்லை என்றால் இன்னும் பிடித்துக்கொண்டே இருக்கிறீர்கள். இரண்டு எண்ணிக்கைதான் பிடிக்க முடிகிறதா? பரவாயில்லை, அதிலிருந்து தொடங்கிப் பத்துவரை கொண்டுபோங்கள். ஒரு தடவைக்கு எட்டிலிருந்து பத்து நீண்ட இழுப்பு, பிறகு பத்து வேகமான இழுப்பு. நாளைக்கு மூன்று வேளை. படுத்துப் பழகியபின் உட்கார்ந்து, அப்புறம் நின்று. வலித்தால் விட்டுவிடுங்கள். சிலருக்குத் தசை தளர்ந்திருக்காது, இறுகியிருக்கும். அவர்களுக்கு வேறு பயிற்சி.

தசையில் பலம் தெரிய மூன்று மாதமாவது ஆகும். தேதி அதற்கு முன்பே வந்தாலும் இழுக்கவும் விடவும் தெரிந்துவிட்டாலே போதுமானது. இறக்கத்தைத் தாங்க உள்ளே வைக்கும் பெசரி வளையம் வைத்திருப்பவர்களும் சாதாரணமாகச் செய்யலாம், ஆனாலும் வைத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இதை வேலையோடு சேர்த்தால்தான் பயன். இருமல், தும்மல் வரும் கணத்துக்கு முன், பேரப்பிள்ளையைத் தூக்கும் முன், தேக்கா சந்தையிலிருந்து வரும் டிராலியைப் படியில் ஏற்றும் முன், ஒரு இழுப்பு இழுத்துப் பிடித்தபடி செய்யுங்கள். பத்துக் கிலோ அரிசி மூட்டையை மட்டும் இழுத்துப் பிடித்தும் தூக்க வேண்டாம். கடையில் ஐந்து கிலோ பை இருக்கிறது, அதையும் மகன் தூக்கட்டும்.

மலச்சிக்கல்தான் உண்மையான எதிரி. தினமும் முக்கினால் எந்தப் பயிற்சியும் ஈடுகட்டாது. பப்பாளி, கீரை, தண்ணீர், தேவைப்பட்டால் டாக்டரைக் கேட்டு இசப்கோல் நார்ப்பொடி. கழிவறையில் காலடியில் சின்ன ஸ்டூல் வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்க, முன்னால் சாய்ந்து உட்காருங்கள். காப்பிக்கடை டாய்லெட்டில் இருக்கை ஈரம் என்று அந்தரத்தில் குனிந்து நிற்பீர்களே, அப்போது தசை தளரவே தளராது. டிஷ்யூவால் துடைத்துவிட்டு உட்காருங்கள். தீராத இருமலும் விடாத புகைப்பழக்கமும் இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, மாதவிலக்கு நின்றபின் ரத்தம் பட்டாலோ தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.

ஆபரேஷனுக்கு முந்தைய சந்திப்பில் கேட்கவேண்டியவை: பயிற்சியை எப்போது மீண்டும் தொடங்கலாம்? சிறுநீர் வெளியேற மாட்டிவிடும் குழாய் இருக்கும்வரை வேண்டாம் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். பாரம் எத்தனை வாரம் தூக்கக் கூடாது? ஆறு வாரமாவது இருக்கும், சிலருக்குக் கூடுதல். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கும் வேண்டுதல் இருந்தால் அதையும் கூச்சமில்லாமல் கேளுங்கள். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை குடத்தைச் சுமந்து நடப்பது என்றால் எவ்வளவு தூரம், எத்தனை கிலோ என்று டாக்டருக்கு விளக்கிச் சொல்லிக் கேட்டால்தான் சரியான பதில் வரும்.