வீட்டில் பார்த்த படத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வது எப்படி?

தண்டையார்பேட்டை அகஸ்தியா திரையரங்கில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள் அனைவருக்கும் திரையும் ஒலியும் இடைவேளையும் ஒன்றாகவே இருந்தன. ஆகவே டீக்கடையில் ஒருவர் "படம் சுமார்தான்" என்றால், எதைச் சொல்கிறார் என்று மற்றவருக்கு உடனே புரிந்தது. ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ தடை இருக்கவில்லை. 1967-இல் தொடங்கிய அந்த அரங்கு 2020-இல் மூடப்பட்டது. வடசென்னையில் வேறு அரங்குகள் இயங்குகின்றன என்றாலும், நாம் பார்க்கும் படங்களில் பலவற்றை இப்போது வீட்டில்தான் பார்க்கிறோம். பழைய வண்ணாரப்பேட்டையின் ஒரே தெருவில், ஒருவர் கைப்பேசியில் இயர்போன் மாட்டிக்கொண்டு பார்த்த படத்தை எதிர்வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை டிவியில் விளம்பரங்களோடு பார்த்திருப்பார். மூன்றாமவர் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தபடியே பாதிப் படத்தைக் காதால் கேட்டிருப்பார். இந்த மூவரும் அதைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் வாக்குவாதம் வருவதில் வியப்பில்லை. எந்த நிலையில் பார்த்தோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வீட்டில் பார்த்த படத்தைப் பற்றிய கருத்து கேட்பவருக்குப் பயன்படும்.

பார்த்த விதத்தை முதலில் சொல்லுங்கள்

எந்த வழியாகப் பார்த்தோம் என்பதிலிருந்து தொடங்கலாம். 'ஏ' சான்றிதழ் பெற்ற படத்தை அப்படியே டிவியில் ஒளிபரப்ப முடியாது. சில காட்சிகளை வெட்டி, சில வசனங்களின் ஒலியை நீக்கி, மறுசான்றிதழ் வாங்கிய பிறகுதான் அது சேனலுக்கு வரும். நேரடியாக ஓடிடி தளத்தில் வெளியாகும் படத்துக்குத் தணிக்கை வாரியச் சான்றிதழ் கட்டாயமில்லை. 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி தளங்களே வயது வகைப்பாட்டைக் குறிப்பிடுகின்றன. எனவே "அவன் ஏன் திடீர்னு கத்தி எடுத்தான்னே புரியல" என்று இயக்குநரைக் குறை சொல்வதற்கு முன்னால், சேனலில் பார்த்தவர் அந்தக் காரணம் வெட்டப்பட்ட காட்சியில் இருந்ததா என்று ஓடிடியில் பார்த்தவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒலியைப் பற்றிய குறைகளில் இன்னும் கூடுதலான கவனம் தேவை. அரங்குக்காக ஒலி அமைக்கப்படும்போது வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஒலிபெருக்கியிலும், இசையும் சுற்றுப்புற ஒலிகளும் மற்றவற்றிலும் பிரித்து வைக்கப்படுகின்றன. அவை அத்தனையும் டிவியின் இரண்டு சிறிய ஒலிபெருக்கிகளுக்குள் அடைக்கப்படும்போது வசனம் அமுங்கி, இசை மேலே வந்துவிடுகிறது. சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகளில், இரவு பத்து மணிக்கு மேல் பக்கத்துவீட்டுக் கைக்குழந்தை விழித்துக்கொள்ளுமே என்று ஒலியையும் குறைத்து வைத்திருப்போம். இந்த நிலையில் பார்த்துவிட்டு, இசையமைப்பாளர் வசனத்தை விழுங்கிவிட்டார் என்று தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. அதே காட்சியை ஐந்து நிமிடம் இயர்போனில் கேட்டுப் பாருங்கள். அப்போதும் வசனம் விளங்கவில்லை என்றால் தாராளமாகக் குறை சொல்லலாம்.

படத்தின் தோற்றத்தைப் பற்றிப் பேசுபவர்கள் டிவியின் அமைப்புகளை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். திரைப்படம் நொடிக்கு 24 படங்கள் என்ற கணக்கில் ஓடுவது. புதிய டிவிகள் பலவற்றில் இந்தப் படங்களுக்கு நடுவே தாமாகவே படங்களை உருவாக்கிச் செருகி, அசைவை வழுவழுப்பாக்கும் வசதி இருக்கிறது. கிரிக்கெட்டுக்குப் பொருந்தும் அந்த வசதி, பெருஞ்செலவில் ஒளிப்பதிவு செய்த படத்தையும் மதிய நேரத்துச் சீரியலைப் போலக் காட்டிவிடும். கறுப்புப் பட்டைகள் பிடிக்கவில்லை என்று 'ஜூம்' வைத்துப் பார்ப்பவர்கள் இரண்டு ஓரங்களையும் இழக்கிறார்கள். ஓரத்தில் நின்று கண்ணைக் காட்டும் பாத்திரம் அவர்களுக்கு இல்லவே இல்லை. அரங்கில் திருட்டுத்தனமாகக் கேமராவில் பிடித்த பிரதியைப் பார்த்தவர் ஒளிப்பதிவைப் பற்றியும் ஒலியைப் பற்றியும் வாய் திறக்காமல் இருப்பதே முறை. அப்படிப் பார்ப்பது குற்றத்துக்குத் துணைபோவது என்பது வேறு விஷயம்.

இவை எல்லாவற்றையும் விட நம் கருத்தை அதிகமாகத் திரித்துவிடுவது இடைவேளை. நம் படங்களின் திரைக்கதை இடைவேளையை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. முதல் பாதி ஒரு முடிச்சில் போய் நிற்கும். மக்கள் வெளியே போய்ப் பத்து நிமிடம் அந்த முடிச்சைப் பற்றிப் பேசிவிட்டு உள்ளே வருவார்கள். அதன் பிறகு கதை மெதுவாக மறுபடியும் வேகம் எடுக்கும். வீட்டில் இடைவேளை என்ற எழுத்து இரண்டு நொடி தோன்றி மறைந்து, அடுத்த காட்சி உடனே ஓடுகிறது. சூட்டோடு பார்க்கும் அந்த மெதுவான தொடக்கம் நமக்கு இழுவையாகத் தெரிகிறது. இதற்கு நேர்மாறாக, குழந்தையைத் தூங்க வைக்கவும், தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு ஓடவும், சாப்பிடவும் என்று ஆறேழு இடங்களில் நிறுத்திப் பார்த்த படத்தில், இயக்குநர் கட்டி எழுப்பிய பதற்றம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வடிந்துபோயிருக்கும். "செகண்ட் ஆஃப் லேக்" என்று நாம் வழக்கமாகச் சொல்லும் குறைகளில் ஒரு பங்கு நம் வீட்டுக் கடிகாரத்தையே சேரும் என்பது என் எண்ணம். ஆகவே, "ரெண்டு ராத்திரியா பாத்தேன், ரெண்டாவது பாதி எனக்கு ஒட்டல" என்று சொல்லிவிடுங்கள். ஒரே மூச்சில் பார்க்கப் போகிறவர் அந்தக் குறையை எவ்வளவு எடுத்துக்கொள்வது என்பதைத் தாமே முடிவு செய்துகொள்வார்.

ஒரு காட்சியைப் பிடித்துக்கொள்ளுங்கள்

"செம", "மொக்க", "ஒரு தடவ பாக்கலாம்" என்ற மூன்று தீர்ப்புகளுக்குள் எல்லாப் படங்களையும் அடக்கிவிட முடியும் என்பதால்தான் அவற்றால் யாருக்கும் பயன் இல்லை. அவற்றைச் சொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சொன்ன கையோடு ஒரு காட்சியையும் எடுத்துக் காட்ட வேண்டும். அந்தக் காட்சியில் என்ன நடந்தது, அது நம்மை என்ன செய்தது என்ற இரண்டும் அதில் இருந்தால் போதும்.

எடுத்துக்காட்டாக, 2021 ஜூலையில் திரையரங்குக்கு வராமல் நேரடியாக ஓடிடியில் வெளியான சார்பட்டா பரம்பரையைச் சொல்லலாம். நம் பகுதியின் குத்துச்சண்டைப் பரம்பரைகளைப் பற்றிய படத்தை நம் பகுதியே வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தது சற்று விசித்திரமான அனுபவம்தான். அதில் நாயகன் கபிலனும் டான்சிங் ரோஸ் என்ற குத்துச்சண்டை வீரரும் மோதும் சண்டை நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். அதையே, "ரோஸ் அடிக்கிறதுக்கு முன்னாடி காலால ஆடி நம்ம கண்ணையே கொழப்புறாரு, கபிலன் திணறுற அதே நேரத்துல நாமளும் திணறுறோம்" என்று ஒருவர் சொன்னால், படத்தைப் பார்க்காதவருக்கும் அந்த நடிப்பின் தன்மையும் காட்சி அமைக்கப்பட்ட விதமும் ஓரளவு விளங்கிவிடும். பிடிக்காத படத்துக்கும் இதே முறைதான். நாயகி பாத்திரம் சரியில்லை என்பதற்குப் பதிலாக, எந்த இடத்தில் அவள் பேசியிருக்க வேண்டியதைப் பேசாமல் நின்றாள் என்று சொல்லுங்கள்.

காட்சி நினைவில் தங்க, படம் முடிந்ததும் கைப்பேசியில் இரண்டு வரி குறித்துக்கொள்ளலாம். படம் ஓடும்போதே குறிக்க வேண்டாம்.

கேட்பவரை அறிந்து பேசுங்கள்

"பாத்துட்டியா, பாக்கப்போறியா?" என்று முதலில் கேட்பது மரியாதை. தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் அரங்குக்கு வந்த நான்கு வாரங்களை ஒட்டி ஓடிடிக்கு வருவதால், அரங்கில் பார்த்தவர், வீட்டில் பார்த்தவர், வரட்டும் என்று காத்திருப்பவர் ஆகிய மூவரும் ஒரே கேரம் பலகையைச் சுற்றி உட்கார்ந்திருக்கக் கூடும். காத்திருப்பவர் முன்னிலையில் முடிவைச் சொல்லக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. "கடைசில ஒரு ட்விஸ்ட் இருக்கு, அத மட்டும் சொல்ல மாட்டேன்" என்று பெருந்தன்மையோடு நிறுத்திக்கொள்பவரும் பாதியைக் கெடுத்துவிடுகிறார் என்பதைத்தான் பலரும் உணர்வதில்லை. கேட்டவர் படம் முழுவதும் அந்தத் திருப்பத்தையே தேடிக்கொண்டிருப்பார். முதல் அரை மணி நேரத்துக்குள் தெரியவருபவற்றை மட்டும் பேசுவது பாதுகாப்பான எல்லை.

பக்கத்துவீட்டு அக்கா பிள்ளைகளோடு பார்க்கலாமா என்று கேட்டால், அவருக்கு ஒளிப்பதிவைப் பற்றிய விரிவுரை வேண்டியதில்லை. வயது வகைப்பாட்டைச் சொல்லி, இரத்தமா, கெட்ட வார்த்தையா, படுக்கையறைக் காட்சியா, இவற்றில் எதற்காக அந்த வகைப்பாடு என்பதையும், ஏறக்குறைய எந்த இடத்தில் வருகிறது என்பதையும் சொன்னால் அவர் முடிவு செய்துகொள்வார். கூட்டுக் குடும்பமாக ஒரே அறையில் உட்கார்ந்து பார்க்கும் வீடுகளில் இது படத்தின் தரத்தைவிட முக்கியமான செய்தி.

பெரியவர்களிடம் பேசும்போது சொல்வதைவிடக் கேட்பது இலாபம். 1980-இல் முகம்மது அலி சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் ஆடியதைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். குத்துச்சண்டைப் படம் ஒன்றைப் பற்றி அப்படி ஒருவரிடம் நாம் விளக்கம் கொடுப்பதைவிட, மேடையில் கை தூக்கி நின்ற விதம் சரியா என்று அவரைக் கேட்பது பேச்சை நல்ல வழியில் கொண்டுபோகும்.

நம் பகுதியைக் காட்டும் படங்கள்

வடசென்னையைக் களமாகக் கொண்ட படம் என்றால் நமக்குக் கூடுதல் உரிமை வந்துவிட்டதாக நினைக்கிறோம். உரிமை உண்டு, ஆனால் அதைப் பயன்படுத்துவதில் இரண்டு வகைப் பிழைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். காசிமேட்டில் திரும்பிய வண்டி அடுத்த காட்சியில் வியாசர்பாடியில் போகிறது என்பது கண்ணுக்கு உறுத்தலே தவிர, கதைக்குக் கேடு இல்லை. 1980-களில் நடக்கும் கதையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் மெட்ரோ தூண் ஓரமாகத் தெரிந்தால், விம்கோ நகர் வரை இரயில் ஓடத் தொடங்கியதே 2021-இல்தான் என்று சொல்லிச் சிரித்துவிட்டு நகரலாம். ஆனால் மீனவக் குடும்பத்தின் கடன் தொல்லையைப் பற்றிய கதையில், கத்திரி வெயிலில் விசைப்படகுகள் அன்றாடம் கடலுக்குப் போவதாகக் காட்டினால், அது கதையின் அடிப்படையையே அசைக்கும் பிழை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் வருமானம் நின்று போவதுதான் பல வீடுகளில் கடனுக்கே காரணம். இதைச் சொல்ல வேண்டியவர் காசிமேட்டுக்காரர். அவர் சொன்னால்தான் அண்ணா நகரில் இருக்கும் நண்பருக்குத் தெரியும்.

கத்தியும் கஞ்சாவும் இல்லாமல் நம் தெருக்களைக் காட்டவே மாட்டார்களா என்ற கோபத்தையும் மறைக்க வேண்டியதில்லை. அதைப் படத்தின் மேக்கிங்கைப் பற்றிய கருத்தோடு கலக்காமல், "நல்லா எடுத்திருக்காங்க, ஆனா எங்க ஏரியாவ இப்படிக் காட்டுனது எனக்குப் பிடிக்கல" என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்கலாம். நம் பேச்சுமொழியைப் பற்றிய கருத்தையும் இப்படியே பிரிக்கலாம். எல்லா வாக்கியத்திலும் "இன்னா", "கஸ்மாலம்" என்று தூவுவதால் மட்டும் பாத்திரம் வடசென்னைக்காரராகிவிடாது. வீட்டுக்குள் அம்மாவிடம் பேசும் தொனியும் சண்டையில் பேசும் தொனியும் வேறுபடுகின்றனவா என்று கவனித்துச் சொல்வது கூர்மையான விமர்சனம்.

கருத்து மாறுபட்டால்

வீட்டில் பார்ப்பதால் கிடைக்கும் பெரிய வசதியை நாம் ஏனோ பயன்படுத்துவதில்லை. அரங்கில் பார்த்த காட்சியைப் பற்றிய சண்டை நினைவை வைத்தே நடக்க வேண்டியிருந்தது. இப்போது அந்தக் காட்சியை இருவரும் சேர்ந்து மறுபடியும் ஓட்டிப் பார்க்க முடியும். அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை அணைத்து, 'ஜூம்' வைத்திருந்தால் அதையும் நீக்கி, காட்சிக்கு ஐந்து நிமிடம் முன்பிருந்து தொடங்குங்கள். பார்க்கும்போது யாரும் பேசக் கூடாது. முடிந்ததும் முதலில் பிடிக்கவில்லை என்றவர் பேசட்டும். அதன் பிறகும் இருவரும் தங்கள் கருத்திலேயே நின்றால் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஒருவர் மனம் மாறினால், முன்பு அந்தப் படத்தைப் பார்க்காதே என்று தடுத்தவர்களையும் தேடிப் பிடித்து அதைச் சொல்லிவிட வேண்டும்.