பிறந்த கன்றுக்கு ஈஸ்ட் கொடுப்பது எப்படி?

பெங்களூரில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவர்களுக்காக இது. ஈஸ்ட் பாக்கெட் வாங்கும் முன்பே கவனிக்க வேண்டியது சீம்பால். தாயின் எதிர்ப்புப் புரதங்கள் கருவிலிருக்கும் கன்றுக்குப் போய்ச் சேராது. சீம்பால் வழியாகத்தான் வரும். பிறந்து 24 மணி நேரத்தில் குடல் அந்த வழியை அடைத்துவிடும். 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர். முதல் தவணை 2 மணி நேரத்துக்குள், மீதி 6 மணி நேரத்துக்குள். நஞ்சுக்கொடி விழட்டும் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள். இதில் தவறினால் எந்த ஈஸ்டும் ஈடுகட்டாது.

ஈஸ்ட் என்ன செய்கிறது? கழிச்சல் உண்டாக்கும் ஈ.கோலை, சால்மொனெல்லா போன்ற கிருமிகளில் சில ரகங்கள் குடல் சுவரிலுள்ள மேனோஸ் சர்க்கரையைப் பற்றிக்கொண்டு ஒட்டும். ஈஸ்டின் மேல்தோலிலும் அதே சர்க்கரை உண்டு. ஏமாந்து அதில் ஒட்டுகிற கிருமிகள் சாணத்தோடு வெளியேறும். அந்தத் தோலிலுள்ள பீட்டா குளுக்கனைக் குடலோரக் காவல் செல்கள் டெக்டின்-1 என்ற ஏற்பியால் அடையாளம் கண்டு உஷாராகும். ரோட்டா வைரஸும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியும் இந்தச் சர்க்கரைப் பொறியில் சிக்காது. ஈஸ்ட் கொடுத்தும் சில கன்றுகளுக்குக் கழிச்சல் வருவதற்கு இது ஒரு காரணம்.

வாங்கும்போது லேபிளில் 'உயிருள்ள ஈஸ்ட்' என்றும், ஒரு கிராமில் எத்தனை சி.எப்.யூ. (உயிரணு எண்ணிக்கை) என்றும் இருக்கிறதா பாருங்கள். கிராமுக்கு 1000 கோடி என்றால் கன்றுக்குப் பொதுவாக நாளைக்கு 1 முதல் 2 கிராம். லேபிள் வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். பேக்கரி ஈஸ்ட் அதே இனம்தான், ஆனால் ரகம் வேறு. பீர் ஆலையிலிருந்து வரும் ஈரச் சக்கை பார்லிச் சக்கையே, இதற்கு மாற்றாகாது.

மூன்றாம் நாளிலிருந்து தொடங்கலாம். பாலைக் காய்ச்சினால் 38 டிகிரிக்கு ஆறவிட்டு, ஒரு கிண்ணம் பாலில் ஈஸ்டைக் கரைத்து முதலில் அதைக் குடிக்கவிடுங்கள். 50 டிகிரிக்கு மேல் ஈஸ்ட் சாகத் தொடங்கும். கொதிக்கும் பாலில் கொட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஈஸ்ட் குடலில் குடியேறாமல் கடந்து போய்விடும், அதனால் தினமும் கொடுக்க வேண்டும். பிறகு பூசாவோடு (தவிடு) கன்றுத் தீவனம் தின்னத் தொடங்கியதும் அதில் தூவலாம்.

சந்தேகமா? 5 கிராமை 100 மில்லி வெதுவெதுப்பான நீரில் ஒரு ஸ்பூன் சர்க்கரையோடு கலந்து 15 நிமிடம் வையுங்கள். நுரைத்தால் உயிரோடிருக்கிறது. மேற்பூச்சு உள்ள ஈஸ்டும் வெறும் ஈஸ்ட் தோல் பொடியும் இந்தச் சோதனைக்குச் சரிவராது. தகரக் கூரைக்கடியில் பாக்கெட்டை வைக்காதீர்கள். ஏப்ரல் வெயிலில் கெட்டுவிடும்.

பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாடிக் ஈஸ்டைக் கொல்லாது, பூஞ்சை மருந்து கொல்லும். கழிச்சலில் கண் குழிந்து, கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் 2 விநாடிக்கு மேல் மடிந்தே நின்றால், ஈஸ்டை மறந்துவிட்டு உடனே ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ பக்கத்து மருத்துவரிடமோ கொண்டு போங்கள். அந்த நேரத்தில் கன்றுக்கு வேண்டியது நீரும் உப்பும்.