ஜி4 சேனலின் வரலாற்றை எழுதுபவர்கள் சறுக்கும் இடங்கள்

'ஜி4 சேனலைத்தான் பிறகு எஸ்கொயர் நெட்வொர்க் ஆக்கினார்கள்.' வீடியோ கேம்களுக்கென்றே அமெரிக்காவில் காம்காஸ்ட் நிறுவனம் 2002 ஏப்ரல் 24 அன்று தொடங்கிய கேபிள் சேனலைப் பற்றி இப்படிப் பலர் எழுதுகிறார்கள். அப்படி நடக்கவே இல்லை. நடப்பதாக இருந்தது, அவ்வளவுதான்.

ஜி4 இருந்த இடத்தில் எஸ்கொயர் பத்திரிகையின் பெயரில் புதுச் சேனல் வரும் என்று, அப்போது காம்காஸ்ட் வசம் இருந்த, ஜி4-ஐயும் நடத்திவந்த என்பிசி யுனிவர்சல் அறிவித்தது உண்மை. முதலில் 2013 ஏப்ரல் என்றார்கள். அப்புறம் செப்டம்பர் 23 என்றார்கள். அந்தத் தேதிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது முடிவு மாறியது. தங்களுடைய இன்னொரு சேனலான ஸ்டைல் நெட்வொர்க்கை எடுத்துவிட்டு அங்கே எஸ்கொயரைக் கொண்டுவந்தார்கள். ஜி4 பழைய நிகழ்ச்சிகளை ஓட்டிக்கொண்டு 2014 டிசம்பர் 31 வரை இருந்தது. முதலில் வந்த அறிவிப்பை மட்டும் படித்துவிட்டு எழுதுவதால் வரும் பிழை இது. அறிவித்த தேதியையும் நடந்த தேதியையும் தனித்தனியாகச் சரிபாருங்கள்.

இதைவிட என்னை வருத்தப்படுத்துவது இன்னொன்று: 2004-இல் 'ஜி4-உம் டெக்டிவியும் இணைந்தன' என்று ஒரே வரியில் கடந்துபோவது. அது சமமான இரண்டு சேனல்கள் கைகோத்த கதை அல்ல. ஜிஃப் டேவிஸ் நிறுவனம் 1998-இல் இசட்டிடிவி என்ற பெயரில் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய தொழில்நுட்பச் சேனல்தான் டெக்டிவி. பிறகு அது மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களில் ஒருவரான பால் ஆலனின் கைக்குப் போனது. அவரிடமிருந்து காம்காஸ்ட் அதை விலைக்கு வாங்கியது. ஏன் வாங்கியது என்பதையும் எழுத வேண்டும். அப்போது ஜி4 எட்டிய வீடுகள் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி. டெக்டிவி எட்டியது நான்கு கோடிக்கும் மேல். கேபிள் தொழிலில் ஒரு சேனலுக்கு உயிர்நாடியே ஆபரேட்டரின் பட்டியலில் கிடைக்கும் இடம்தான். சந்தாதாரர் ஒருவருக்கு இவ்வளவு என்று மாதாமாதம் பணம் வருவதும் அதை வைத்துத்தான். காம்காஸ்ட் வாங்கியது முக்கியமாக அந்த இடத்தை. சான் பிரான்சிஸ்கோ நிலையத்தை மூடினார்கள், இருநூறுக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். மே மாதம் சேர்த்து வைத்த 'ஜி4டெக்டிவி' என்ற பெயரிலிருந்து, ஓர் ஆண்டு முடிவதற்குள் டெக்டிவி காணாமல் போனது. அந்த மனிதர்களின் உழைப்பு வரலாற்றிலிருந்தும் காணாமல் போகக் கூடாது.

போய்க்கொண்டுதான் இருக்கிறது. வீடியோ கேம்களை விமர்சிக்கும் 'எக்ஸ்-ப்ளே' ஜி4-இல் பிறந்த நிகழ்ச்சி என்று எழுதுகிறார்களே, அதைப் பாருங்கள். இசட்டிடிவியில் 'கேம்ஸ்பாட் டிவி'யாகத் தொடங்கி, 'எக்ஸ்டெண்டெட் ப்ளே'யாகி, 2003-இல் டெக்டிவியிலேயே 'எக்ஸ்-ப்ளே' ஆனது அது. ஜி4-க்கு வந்தது அதற்கு அடுத்த ஆண்டு.

சேனல் மூடியதற்கு யூடியூப் மட்டுமே காரணம் என்பதும் அரைகுறைக் கணக்கு. இணையம் பார்வையாளர்களை இழுத்தது சரி. ஆனால் அதற்குள் ஜி4-இன் நேரத்தில் பெரும்பகுதியை 'காப்ஸ்' போன்ற போலீஸ் நிகழ்ச்சிகளின் மறுஒளிபரப்பு பிடித்திருந்தது. 2010 நவம்பரில் டைரக்ட்டிவி என்ற செயற்கைக்கோள் டிவி நிறுவனம் தன் பட்டியலிலிருந்து சேனலை நீக்கியது. எந்த இடத்துக்காக டெக்டிவியை வாங்கினார்களோ, அதே வகை இடம் கையைவிட்டுப் போனது. 2011-இல் என்பிசி யுனிவர்சலின் பெரும்பங்கு காம்காஸ்ட் வசம் வந்தபின், ஜி4 ஒரு பெரிய சேனல் கூட்டத்தில் சின்ன உருப்படி ஆகிவிட்டது.

2021 நவம்பர் 16 அன்று திரும்பி வந்த ஜி4-ஐ பழைய நிர்வாகத்தின் தொடர்ச்சியாக எழுதாதீர்கள். அதை நடத்தியது காம்காஸ்ட் ஸ்பெக்டகோர், அதாவது ஃபிலடெல்ஃபியா ஃப்ளையர்ஸ் ஐஸ் ஹாக்கி அணியை வைத்திருக்கும் விளையாட்டுப் பிரிவு. பதினோரு மாதத்தில், 2022 அக்டோபரில் மூடுவதாகச் சொல்லிவிட்டார்கள்.

கடைசியாக, கனடாவின் ஜி4-ஐ இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது கனடாவின் ரோஜர்ஸ் நிறுவனம் நடத்திய வேறு சேனல். அமெரிக்கச் சேனல் நின்ற பிறகும் 2017 ஆகஸ்ட் வரை ஓடியது.