பகடை அவர் கையில் இருக்கட்டும்: கூச்சமான கேள்விகளுக்கான சர்வேயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலை ஹாஸ்டல். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து, குளித்துவிட்டு ஈரத்தலையோடு எதிரில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம், "வேலை செய்யற இடத்துல யாராவது உங்ககிட்டத் தப்பா நடந்திருக்காங்களா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க்கா." அடுத்த பத்துப் பேரைக் கேட்டாலும் அதேதான். வராந்தாவில் வார்டன் நடக்கிறார். விஷயம் ஊருக்குப் போனால் அப்பா வேலையை விட்டு வரச் சொல்லிவிடுவார். கேட்கிற நான் யார் என்பதே அவருக்குத் தெரியாது. அந்த "இல்லீங்க்கா"வைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வராது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவரிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான்.

இதற்கு 1965-இல் ஸ்டான்லி வார்னர் என்பவர் ஒரு வழி காட்டினார்: பதிலுக்குள் வேண்டுமென்றே தற்செயலைக் கலந்துவிடுவது. பிற்பாடு பலரும் அதை மாற்றி எளிமையாக்கினார்கள். நான் களத்தில் பயன்படுத்துவது பகடை முறை. ஒரு டம்ளருக்குள் பகடையைப் போட்டு, மூடிக் குலுக்கி, அவர் மட்டும் எட்டிப் பார்க்க வேண்டும். 1 விழுந்தால், உண்மை எதுவானாலும் "ஆமாம்" என்று சொல்ல வேண்டும். 6 விழுந்தால் "இல்லை". 2 முதல் 5 வரை எது விழுந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். அவர் "ஆமாம்" என்றால், அது உண்மையா, பகடை சொல்லச் சொன்னதா என்று எனக்குத் தெரியாது.

ஆனால் மொத்தக் கணக்கு தெரியும். 300 பேரிடம் கேட்டோம், 110 "ஆமாம்" வந்தது என்று வைத்துக்கொள்வோம். பகடையில் 1 விழுந்து சும்மா சொன்னவர்கள் சுமார் 50 பேர் இருப்பார்கள். மீதி 60. உண்மையைச் சொன்னவர்கள் சுமார் 200 பேர். 200-இல் 60, அதாவது 30 சதவீதம். ஒருவரைக்கூடக் காட்டிக்கொடுக்காமல் 30 சதவீதம் என்று சொல்ல முடிகிறது.

கணக்கு இவ்வளவு எளிது. நடத்துகிற விதத்தில்தான் எல்லாம் கெடுகிறது. எனக்கு அது புரிந்த நாளை மறக்க முடியாது. ஒரு அமைப்புக்காகக் களப்பணி செய்தபோது கையில் கொடுக்கப்பட்ட படிவத்தில் பகடைக் கேள்வி சரியாகத்தான் இருந்தது. அதற்கு அடுத்த வரியில், "ஆமாம் எனில், அந்த நபர் யார்? சூப்பர்வைசர் / சக தொழிலாளி / வேறு" என்று அச்சடித்திருந்தார்கள். உடுமலைப் பக்கம் ஒரு பெண் "ஆமாம்" என்றார். நானும் யோசிக்காமல் அடுத்த கேள்வியைப் படித்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "எனக்கு ஒண்ணுதானுங்க்கா விழுந்துச்சு, அதனாலதான் சொன்னேன்" என்று டம்ளரைத் திறந்தே காட்டினார். நிஜமாகவே 1. அதற்குப் பிறகு அந்த அறையில் ஒருவர்கூட "ஆமாம்" சொல்லவில்லை. 1 விழுந்தவர்களும் "இல்லை" என்றுதான் சொல்லியிருப்பார்கள். சொல்லாமல் என்ன செய்வார்கள்?

ஆகவே முதலில் தவிர்க்க வேண்டியது இதுதான்: "ஆமாம்" சொன்னவரிடம் மட்டும் கேட்கிற எந்தத் துணைக்கேள்வியும் கூடாது. யார், எப்போது, எத்தனை முறை என்று எது கேட்டாலும் பகடை போட்ட மறைப்பு கிழிந்துவிடும். அந்த விவரம் வேண்டுமென்றால் அதை இன்னொரு தனிப் பகடைக் கேள்வியாக எல்லோரிடமும் கேட்கலாம். படிவத்தின் மற்றக் கட்டங்களையும் பார்க்க வேண்டும். வயது, சொந்த ஊர், அறை எண், ஷிஃப்ட் நான்கையும் எழுதிக்கொண்டால் பெயரே எழுதத் தேவையில்லை. வார்டன் ஒரு நிமிடத்தில் ஆளைச் சொல்லிவிடுவார்.

அடுத்தது, பகடையை யார் உருட்டுகிறார்கள் என்பது. இப்போது டேப்லெட்டே எண்ணைத் தேர்ந்தெடுத்துத் திரையில் காட்டுகிற மாதிரி செய்கிறார்கள். வேலை சுலபம்தான், ஆனால் எதிரில் இருப்பவர் பார்வையில் அது என்னுடைய பெட்டி. உள்ளே எந்த எண் வந்தது என்று பெட்டிக்குத் தெரியும் என்றுதான் அவர் நினைப்பார். அப்படி நினைப்பதில் தவறும் இல்லை. லூடோ டப்பாவில் வருகிற பகடையையும் அவர்கள் அறையில் இருக்கிற எவர்சில்வர் டம்ளரையுமே எடுத்துக்கொள்வேன். முதலில் சும்மா நாலைந்து தடவை உருட்டிப் பார்க்கச் சொல்வேன். அப்புறம் "இன்னைக்குக் காலைல டீ குடிச்சீங்களா?" என்று ஒரு ஒத்திகை. டீயே குடிக்காதவர் 1 விழுந்து "ஆமாம்" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கும்போதுதான் முறை அவருக்குப் பிடிபடுகிறது.

அந்தச் சிரிப்பு அசல் கேள்வியில் வராது. "எனக்கு அப்பிடி ஒண்ணுமே நடக்கலீங்க்கா, நான் எதுக்கு ஆமான்னு சொல்லோணும்?" என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. "விதி அப்படித்தான், சொல்லுங்க" என்று அதட்டுவது பெரிய தவறு. நான் சொன்னது இது: "சும்மா ஆமான்னு சொல்றவங்க நாலு பேர் இருந்தாத்தான் கண்ணு, நெசமாவே நடந்தவ யாருன்னு யாருக்கும் தெரியாது. நீ சொல்ற ஆமா அவளுக்கு மறைப்பு." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு டம்ளரைக் கையில் எடுத்தாள். இன்னமும் தயங்குகிறவர்களுக்கு "ஆமாம், இல்லை"க்குப் பதில் "மஞ்சள், பச்சை" என்று சொல்ல வைக்கலாம். அல்லது 1969-இல் கிரீன்பர்க்கும் உடனிருந்தவர்களும் விரித்து எழுதிய முறைப்படி, சில எண்கள் விழுந்தால் வம்பில்லாத வேறொரு கேள்விக்கு உண்மைப் பதில் சொல்லச் சொல்லலாம்.

அந்த வம்பில்லாத கேள்வியில்தான் நம் ஊரில் இன்னொரு குழி இருக்கிறது. அதற்கு எத்தனை பங்கு பேர் "ஆமாம்" சொல்வார்கள் என்று முன்பே தெரிந்தால்தான் அதைக் கணக்கில் கழிக்க முடியும். வெளிநாட்டுப் படிவங்களில் "உங்கள் அம்மா ஜனவரி முதல் மார்ச்சுக்குள் பிறந்தவரா?" என்று இருக்கும். காங்கேயத்திலோ தாராபுரத்திலோ இதைக் கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். பெரியவர்கள் பலருக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதியதே பிறந்த தேதி. ஆதாரில் ஜனவரி 1 என்று இருப்பவர்கள் எத்தனையோ பேர். காலாண்டுக்கு கால் பங்கு என்று கணக்குப் போட்டால் விடை எங்கேயோ போய் நிற்கும். அதேபோல, "மனசுக்குள்ள ஒரு நம்பர் நினைச்சுக்கங்க" என்பதும் வேண்டாம். மனிதர்கள் நினைக்கிற எண்ணில் தற்செயல் இருக்காது. ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டை தாயம் விளையாட நன்றாக இருக்கும், ஆனால் அது பாதிக்குப் பாதி விழும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

நாணயம் சரியாக விழும், ஆனால் அதை வார்னரின் மூல முறையில் போட்டால் வேலையே வீண். அந்த முறையில் தலை விழுந்தால் "எனக்கு நடந்திருக்கிறது" என்ற வாக்கியத்துக்கும், பூ விழுந்தால் "எனக்கு நடக்கவில்லை" என்ற வாக்கியத்துக்கும் சரி, தவறு சொல்ல வேண்டும். இரண்டுக்கும் சம வாய்ப்பு என்றால், ஹாஸ்டலில் எல்லோருக்கும் நடந்திருந்தாலும் ஒருவருக்கும் நடக்காவிட்டாலும் "சரி" என்பது பாதியாகத்தான் வரும். ஒரு தகவலும் மிஞ்சாது.

மறுபடி உருட்டச் சொல்வதும் ஆபத்து. "சரியாக் கேக்கலை, இன்னொரு தடவை போடுங்க" என்பது சாதாரணப் பேச்சு மாதிரித்தான் இருக்கும். பாதிக்கப்பட்டவர் "ஆமாம்" சொல்ல ஆறில் ஐந்து வாய்ப்பு, பாதிக்கப்படாதவர் சொல்ல ஆறில் ஒன்று. மொத்தத்தில் 30 சதவீதம் என்று வைத்தால், ஒரு முறை "ஆமாம்" சொன்னவர் நிஜமாகவே பாதிக்கப்பட்டவராக இருக்கும் வாய்ப்பு சுமார் 68 சதவீதம். இரண்டு முறையும் "ஆமாம்" என்றால் 91-ஐத் தாண்டுகிறது. மூன்று முறை என்றால் 98. மூன்று உருட்டலில் அவர் ரகசியம் நம் கையில். கூகுள் 2014-இல் வெளியிட்ட ராப்பர் என்ற முறையும் இதே அடிப்படையில்தான் குரோம் உலாவியில் புள்ளிவிவரம் சேகரித்தது. அதில் ஒரு தகவலுக்கு ஒருமுறை தற்செயல் கலந்து உருவாக்கிய பதிலைச் சேமித்து வைத்துக்கொண்டு, பிற்பாடு கேட்கும்போதெல்லாம் அதிலிருந்தே பதில் வரும்படி செய்ததற்குக் காரணம் இந்த ஆபத்துதான். களத்தில் நமக்கு விதி சுருக்கம்: ஒரு கேள்விக்கு ஒரே உருட்டல். பதில் காதில் விழவில்லை என்றால் சொன்னதையே திரும்பச் சொல்லச் சொல்ல வேண்டும், பகடையைத் தொடக்கூடாது.

அந்த 68-ஐ மறுபடி பாருங்கள். 30-இல் இருந்த சந்தேகம் ஒரே பதிலில் 68-க்கு ஏறுகிறது. ஆகவே "உங்களைப் பத்தி யாருக்கும் ஒண்ணுமே தெரியாது" என்று வாக்குக் கொடுப்பதும் தவறு. "நிச்சயமாகச் சொல்ல யாராலும் முடியாது" என்பதே நேர்மையான வாக்கு.

ஆள் எண்ணிக்கையில் பலரும் ஏமாறுகிறார்கள். 300 பேரிடம் நேரடியாகக் கேட்டு, எல்லோரும் உண்மை சொல்லி, 30 சதவீதம் வந்திருந்தால் பிழை எல்லை, அதாவது அந்த எண் மேலும் கீழும் ஆடக்கூடிய அளவு, 5 சதவீதப் புள்ளிதான். பகடை முறையில் அது 8. அதே துல்லியம் வேண்டுமானால் இரண்டரை மடங்கு, அதாவது சுமார் 750 பேர் வேண்டும். ஒரே ஹாஸ்டலில் 20 பேரைக் கேட்டுவிட்டு "இங்கே 30 சதவீதம்" என்று எழுதினால், அந்த எண் மேலும் கீழும் 30 புள்ளிக்கு மேல் ஆடும். சின்னக் கூட்டத்துக்கு இந்த முறையே வேண்டாம்.

சில சமயம் விடை பூஜ்யத்துக்குக் கீழே போகும். 300 பேரில் 30 பேர்தான் "ஆமாம்" என்றால் கணக்கு மைனஸ் 10 சதவீதம் காட்டும். அதைப் பூஜ்யம் என்று திருத்தி, "துன்புறுத்தல் இல்லை" என்று அறிக்கை எழுதிவிடாதீர்கள். பகடை மட்டுமே 50 பேரைச் சொல்ல வைத்திருக்க வேண்டும். 20 பேர் குறைவது வெறும் தற்செயல் அல்ல. விதியை மீறியாவது "இல்லை" என்று சொல்கிற அளவுக்கு அங்கே பயம் இருக்கிறது என்று அர்த்தம்.

கடைசியாக, எனக்கு இன்னும் கவலை தருவது. பகடை ஒரு பெண்ணை மறைக்கும், ஹாஸ்டலை மறைக்காது. "இரண்டாவது யூனிட்டில் 40 சதவீதம்" என்று வெளியே போனால் அந்த யூனிட்டில் உள்ள அத்தனை பேர் மீதும் கெடுபிடி விழலாம். அதனால் பல மில்களைச் சேர்த்து, வட்டார அளவில் மட்டுமே முடிவைச் சொல்கிறேன். இன்னொன்று, சதவீதம் தெரிந்ததால் அந்த ஒருத்திக்கு உதவி கிடைத்துவிடாது. அவள் யாரென்று எனக்கே தெரியாதபடி செய்துவிட்டேனே. ஆகவே "ஆமாம்", "இல்லை" பாராமல் எழுந்து போகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரே மாதிரி ஒரு சின்னச் சீட்டைக் கொடுக்கிறேன். அதில் 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும் என்கிற 2013-ஆம் வருஷச் சட்டத்தைப் பற்றி இரண்டு வரி இருக்கும். கைபேசி உறைக்குள் மடித்து வைக்கிற அளவுக்குத்தான் அந்தச் சீட்டை வெட்டுகிறேன்.